தாளில் நிற்க வேண்டும் எழுத்து!



ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய், காதல், வேலையில்லாத் திண்டாட்டம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டது பிரிண்ட் அவுட். "இதுல எழுத என்னடா இருக்கு? கன்ட்ரோல் பி அடிச்சா வந்துட்டுப் போகுது!" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். வந்துட்டுப் போகுதுதான். ஆனால் என்ன வருகிறது, எப்படி வருகிறது, அதை வாங்கிக்கொண்டு போகிறவர் கதி என்ன என்று பார்த்தால், எழுத நிறையவே இருக்கிறது.

கம்ப்யூட்டர் பிரிவில் மூன்று வருஷமாக இணையப் பக்கம் செய்யக் கற்கிறோம். டேட்டாபேஸ் கற்கிறோம். லாகின் ஸ்கிரீனுக்கு எந்தக் கலர் என்று அரை நாள் சண்டை போடுகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாளை ஒழுங்காக வெளியே எடுப்பது எப்படி என்பது மட்டும் எந்த யூனிட்டிலும் இல்லை. பிராஜெக்டின் கடைசி நாள் ராத்திரி, "பிரிண்ட்" என்று ஒரு பட்டனை ஒட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

இது தப்பு என்பதுதான் என் கட்சி. இணையதளத்திலிருந்து வரும் அச்சுத்தாள் என்பது கடைசியில் ஒட்டவைக்கிற வால் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தத் தாள்தான் இணையதளமே!

திரையைப் பார்ப்பது யார்? தாளைப் பிடிப்பது யார்?

யோசித்துப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இன்றைக்கு இ-சேவை மையம் வழியாகத்தான். பட்டா, சிட்டா வேண்டுமா? இணையதளம். வில்லங்கச் சான்று? இணையதளம். ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், போட்டித் தேர்வு எல்லாமே இணையதளம். நல்லதுதான். முன்பு மாதிரி தாலுகா ஆபீஸ் வாசலில் நாலு நாள் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் திரையைப் பார்ப்பவர் மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆளுக்குக் கிடைப்பது தாள் மட்டும். அந்தத் தாளை மடித்து, மஞ்சள் பையில் வைத்து, பஸ் ஏறி ஆத்தூரோ திருச்செந்தூரோ தூத்துக்குடியோ போய் இன்னொரு ஜன்னலில் நீட்டுகிறார். திரையில் எவ்வளவு அழகான மெனு இருந்தது, எப்படி எல்லாம் நகர்ந்தது என்பது அவருக்கு வேண்டாத சங்கதி. தாளில் பேர் சரியாக இருக்கா, நம்பர் முழுசாக இருக்கா, தேதி இருக்கா, அவ்வளவுதான்.

என் அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புத் தாண்டிய முதல் ஆள் நான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். எந்தத் தளம் என்று பேர் சொல்லத் தேவையில்லை. பணம் கட்டி, ஒப்புகைச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அப்பா அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் தொழிலை விட்டுப் போனார். சாயந்திரம் திரும்பி வந்து, "எலேய், தாளு இருக்கு, நம்பரு பாதிதான் இருக்குன்னு சொல்லுதாவ. என்னல அது?" என்று என் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்பட்டு, விண்ணப்ப எண்ணின் கடைசி நாலு இலக்கம் இல்லை. தாள் முழுவதும் இருந்தது என்ன தெரியுமா? தளத்தின் மெனு, "முகப்பு", "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு", அப்புறம் ஒரு பெரிய "பிரிண்ட்" பட்டன்! பட்டனையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தாளில் இருக்கும் பட்டனை எந்த விரலால் அமுக்குவது?

ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்த நாலு இலக்கத்தின் விலை அதுதான்.

திரை வேறு, தாள் வேறு

இது ஏன் நடக்கிறது? படிக்கிற நாம் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இணையப் பக்கத்துக்கு முடிவு கிடையாது. கீழே இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். அகலமும் நிலையில்லை, செல்போனில் ஒரு அகலம், கம்ப்யூட்டரில் ஒரு அகலம். ஏ4 தாளோ 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. அகலமான அட்டவணையை ஸ்க்ரோல் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். திரையில் விரலால் தள்ளிப் பார்க்கலாம். தாளைத் தள்ள முடியுமா? பெட்டிக்கு வெளியே இருப்பது வெட்டுப்பட்டுப் போகும். அப்பா கொண்டுவந்த சீட்டு அப்படிப்பட்டதுதான்.

இன்னொன்று, பின்னணி நிறம். உலாவி வழக்கமாகப் பின்னணி நிறங்களை அச்சிடாது, மை மிச்சம் பிடிக்கத்தான். "ஏற்கப்பட்டது" என்றால் பச்சைக் கட்டம், "நிராகரிக்கப்பட்டது" என்றால் சிவப்புக் கட்டம் என்று நிறத்தை மட்டும் நம்பினால் தாளில் இரண்டும் ஒன்றுதான். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் கேட்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் மருந்து இல்லையா என்றால், 1998-லேயே இருக்கிறது! அந்த ஆண்டு வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பிலேயே "திரைக்கு ஒரு உடை, தாளுக்கு ஒரு உடை" என்று தனித்தனியாக எழுத வழி வைத்தார்கள். மீடியா பிரிண்ட் என்று ஒரு பகுதி எழுதி, மெனுவை மறை, பட்டனை மறை, ஓரம் இத்தனை மில்லிமீட்டர், இந்த வரியை இரண்டு பக்கமாக உடைக்காதே, அட்டவணைத் தலைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பப் போடு என்றெல்லாம் சொல்லலாம். மொத்தம் இருபது முப்பது வரி வேலை. அந்த முப்பது வரியை எழுதாததால்தான் ஒருத்தர் ஒரு நாள் கூலியை விடுகிறார்.

பட்டனை அமுக்கினால் உலாவியே அச்சடிப்பது ஒரு வழி. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி வரும். தேதியும் இணைய முகவரியும் தாளின் ஓரத்தில் தானாக வந்து உட்காரும். சான்றிதழ் கொடுத்த தேதி எது, பிரிண்ட் எடுத்த தேதி எது என்று வாங்குகிறவர் குழம்புவார். அதனால்தான் சான்றிதழ் மாதிரி முக்கியமானவற்றை சர்வரிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது நல்லது. பிடிஎஃப் 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது. 2008-ல் உலகத் தர நிர்ணயமாக ஆயிற்று. எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும் என்பதுதான் அதன் நோக்கமே.

நம் பிராஜெக்டுகளில் பலர் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தை அப்படியே போட்டோ மாதிரி படமாக்கி, அந்தப் படத்தைப் பிடிஎஃப்புக்குள் ஒட்டிவிடுவது. ஹெச்டிஎம்எல்டுகேன்வாஸ், ஜேஎஸ்பிடிஎஃப் என்ற இரண்டு நூலகங்களைச் சேர்த்தால் அரை மணியில் முடியும். டெமோவில் கைதட்டல் கிடைக்கும். அச்சடித்தால் எழுத்து மங்கல். பக்கம் முடியும் இடத்தில் ஒரு வரி நடுவில் அறுந்து மேல் பாதி முதல் தாளிலும் கீழ்ப் பாதி அடுத்த தாளிலும் நிற்கும். தேடினால் ஒரு சொல் கிடைக்காது. பார்வையில்லாத நண்பருக்குக் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டவும் முடியாது, ஏனென்றால் அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. எழுத்தை எழுத்தாகக் கொடு என்பது முதல் விதி.

தமிழ் எழுத்துக்குத் தாளில் என்ன பாடு?

இங்கேதான் விஷயம் நமக்கு நெருங்கி வருகிறது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். நம் எழுத்து அப்படியில்லை. "கொ" என்று எழுத, கம்ப்யூட்டருக்குள் க முதலில், ஒ-குறி அடுத்து. வரையும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். "கு" என்றால் இரண்டும் சேர்ந்து வேறு உருவமே ஆகிவிடும். இப்படி எது முன்னால், எது பின்னால், எது ஒட்டும் என்று முடிவு செய்ய ஒரு தனி மென்பொருள் வேலை செய்கிறது. ஷேப்பிங் என்பார்கள். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள்தான் அதைச் செய்கிறது. அதனால் திரையில் தமிழ் அழகாக இருக்கும்.

பிடிஎஃப் செய்யும் சில பழைய நூலகங்களுக்கு இந்த வித்தை தெரியாது. எழுத்தை உள்ளே இருக்கும் வரிசையிலேயே கொட்டிவிடும். விளைவு? எங்கள் கடற்கரையில் ஃபெர்னாண்டோ என்று பேர் வைத்தவர்கள் ஏராளம். அந்தப் பேரில் "பெ" இருக்கிறது, "டோ" இருக்கிறது. கொம்பு ப-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ர-வின் தலையில் ஒட்டிக்கொள்ளும். டோ சிதறிப் போகும். ரொட்ரிகோ, லோபோ, கோமஸ் எல்லோருக்கும் இதே கதி. கொற்கை என்ற பேர் பெற்ற ஊரின் பேரையே படிக்க முடியாமல் வரும். சில இடத்தில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வரும். சர்வரில் தமிழ் எழுத்துரு போடவில்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் மாதிரி இலவச எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்தது.

வாங்கிப் பார்க்கும் அதிகாரி என்ன சொல்வார்? "பேர் தப்பா இருக்கு, திருத்திட்டு வாங்க." டேட்டாபேஸில் பேர் சரியாகத்தான் இருக்கிறது. தாளில்தான் தப்பு. எங்கே போய்த் திருத்துவது? இந்தத் தொல்லைக்குப் பயந்து, "எதுக்கு வம்பு, இங்கிலீஷ்லயே போட்டுருவோம்" என்று முடிவு செய்கிறார்கள். இப்படித்தான் ஆத்தா அப்பன் படிக்க முடியாத மொழியில் அவர்கள் வீட்டுத் தாள் வந்து சேர்கிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருக்கிறது, நண்பர்களே. தமிழை அச்சில் ஏற்றிய வரலாற்றில் எங்கள் ஊர் பேரும் உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற புன்னக்காயலில்தான் போர்த்துக்கீசியரான ஹென்றிக்கஸ் பாதிரியார் பல ஆண்டு தங்கித் தமிழ் படித்தார். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் சொல்வது இவரைத்தான். இவர் தமிழாக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே அச்சாகி இன்றைக்கும் கிடைக்கிற புத்தகங்களில் மூத்தது அதுதான். அதற்கு முன் 1554-ல் லிஸ்பனில் வந்த தமிழ்ப் புத்தகம் ரோமன் எழுத்தில் இருந்தது. பிறகு 1586-ல் இவருடைய "அடியார் வரலாறு" புன்னக்காயலில் அச்சானதாக வரலாற்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அதன் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகளார் 1950-களில் கண்டு உலகுக்குச் சொன்னார். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பணம் கொடுத்து உதவினார்கள் என்பதும் பதிவாகி இருக்கிறது. முத்துக் குளித்தவர்களும் மீன் பிடித்தவர்களும் கொடுத்த காசில் தமிழ் அச்சேறியது!

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த சிக்கலும் இன்றைக்கு இருக்கிற சிக்கலும் ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன். "தம்பிரான் வணக்கம்" புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்தின் மாதிரியைக் காட்டியிருக்கிறார்கள்: 1577-ல் கோவாவில் செய்தது ஒன்று, 1578-ல் கொல்லத்தில் செய்தது ஒன்று. முதலில் செய்த எழுத்தோடு நிற்காமல் அடுத்த ஆண்டே மறுபடி எழுத்து வார்த்திருக்கிறார்கள். ஈய எழுத்தில் கோர்த்த காலத்தில் கொம்பை முன்னால் வைப்பதும் காலைப் பின்னால் வைப்பதும் அச்சுக்கோப்பவரின் கைவேலை. அவர் மாற்றி வைத்தால் புத்தகம் முழுக்கத் தப்பு. இன்றைக்கு அந்தக் கையின் இடத்தில் ஷேப்பிங் மென்பொருள் இருக்கிறது. அது இல்லாத நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது, தமிழ் தெரியாத ஆளை அச்சுக்கோக்க உட்கார வைப்பது மாதிரி.

அன்றைய எழுத்தில் எ, ஏ வித்தியாசம் காட்டுவதில்லை. ஒ, ஓ வித்தியாசமும் இல்லை. மெய்க்குப் புள்ளியும் இல்லை. ஓலையில் எழுதிய வழக்கம் அப்படியே அச்சுக்கும் வந்தது. படிக்கிறவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். கொம்பை ஒற்றை, இரட்டை என்று பிரித்த சீர்திருத்தம் 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பேரோடு சேர்ந்தது. ஒவ்வொரு கொம்புக்கும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாம் ஒரு நூலகத்தைச் சோம்பலில் தேர்ந்தெடுத்து அதைக் கலைக்கலாமா?

கம்ப்யூட்டரில் தமிழ் வந்த பிறகும் நெடுநாள் ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு என்று இருந்தது. பாமினி, வானவில் என்று பல. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை தெரியும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. ஆகவே உள்ளே சேமிக்கும் சிக்கல் தீர்ந்துவிட்டது. வெளியே தாளில் எடுக்கும் சிக்கல்தான் இன்னும் ஆளைப் பொறுத்து இருக்கிறது.

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. 2017-ல் குரோம் 59-ம் பதிப்பிலிருந்து, திரை இல்லாமலே சர்வரில் குரோமை ஓடவிட்டு, பக்கத்தை நேராகப் பிடிஎஃப் ஆக்கலாம். உலாவிக்குள் தமிழ் எப்படி அழகாக இருக்குமோ அப்படியே தாளிலும் வரும். பிஎச்பி-யில் எழுதுகிறவர்களுக்கு எம்பிடிஎஃப் என்ற நூலகத்தில் இந்திய எழுத்துகளைக் கோர்க்கும் வசதி உண்டு. பழைய டபிள்யூகே ஹெச்டிஎம்எல் டு பிடிஎஃப் கருவியை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை வளர்ப்பதை நிறுத்தி 2023-ல் மூடி வைத்துவிட்டார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஒரிஜினல் எது?

ஜன்னலில் கேட்கும் அடுத்த கேள்வி: "ஒரிஜினல் எங்கே?" முன்பு ஒரிஜினல் என்றால் மையில் போட்ட கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், கோபுர முத்திரை. இன்று? 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தையும் மின்னணுக் கையொப்பத்தையும் செல்லும் என்று ஏற்கிறது. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மின்னணுக் கையொப்பம் இருப்பது ஃபைலில். அச்சடித்த தாளில் அந்தக் கையொப்பம் வராது, அதன் படம்தான் வரும். ஆதார் பிடிஎஃப்பைத் திறந்தால் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரியும் பார்த்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டரில் சரிபார்த்தால் அது பச்சை டிக் ஆகும். சரிபார்க்காமல் அச்சடித்தால் கேள்விக்குறியோடேயே தாள் வரும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அதனால் தாளுக்குத் தனியாக ஒரு ஆதாரம் வேண்டும். அதைச் சரியாகச் செய்திருப்பதற்கு நம்ம தமிழ்நாட்டுப் பட்டாவே உதாரணம். இ-சர்வீசஸ் தளத்தில் எடுத்த பட்டாவின் கீழே குறிப்பு எண் இருக்கும். இதே தளத்தில் இந்த எண்ணைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். அதாவது ஒரிஜினல் சர்வரில் இருக்கிறது, தாள் அதற்கு வழி காட்டுகிறது. தாள் நனைந்தாலும் கிழிந்தாலும் எண் இருந்தால் போதும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2023 டிசம்பரில் எங்களுக்குத் தெரிந்தது. டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை யாருக்கும் மறக்காது. எங்கள் பக்கத்து ஊர் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருகி எங்கள் ஊரையும் தண்ணீர் சூழ்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீடு வீடாகக் கொடியில் துணி காய்ந்த மாதிரி தாள் காய்ந்தது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பாங்க் பாஸ்புக், கல்யாணச் சான்று. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவை நீலமும் கறுப்புமாகக் கரைந்து ஓடியிருந்தன. லேசர் பிரிண்டரில் எடுத்தவை சுருங்கினாலும் எழுத்து அழியவில்லை. காரணம் எளிது: இங்க்ஜெட் மையில் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம், லேசர் டோனர் என்பது உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். வெயிலில் வெளுத்துப்போகும் தெர்மல் ரசீது வெள்ளத்துக்கு முன்பே வெறும் வெள்ளைத் தாளாகித்தான் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நனைந்த தாளை என்னிடம் கொடுத்து, "எய்யா, இதுல எம் பேரு இருக்கா பாரு" என்றார். பேர் இல்லை, கரைந்து போயிருந்தது. ஓரத்தில் குறிப்பு எண் மட்டும் மங்கலாக இருந்தது. அந்த எண்ணைப் போட்டதும் ஆச்சியின் பட்டா முழுசாகத் திரையில் வந்தது. மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். எண் போட வேண்டும் என்று யோசித்த அந்த முகம் தெரியாத புரோகிராமரை அன்றைக்கு மனசார வாழ்த்தினேன். நாமும் அப்படி வாழ்த்து வாங்க வேண்டாமா?

இதில் இன்னொரு பாடமும் உண்டு. மறுபடி எடுக்கும் தாள் முதலில் கொடுத்த தாள் மாதிரியே இருக்க வேண்டும். டேட்டாபேஸில் இன்று இருப்பதைக் கோர்த்துக் கொடுத்தால், நடுவில் அதிகாரி மாறியிருப்பார், முகவரி மாறியிருக்கும். ஆகவே சான்றிதழ் கொடுத்த அன்றே அந்தப் பிடிஎஃப்பை அப்படியே பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நெடுங்காலம் வைக்கும் ஃபைலுக்கென்றே 2005-ல் பிடிஎஃப்-ஏ என்ற தரம் வந்தது. அதன் முக்கிய விதிகளில் ஒன்று, பயன்படுத்திய எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே சேர்த்து வைக்க வேண்டும் என்பது. எழுத்தும் தாளும் பிரியக்கூடாது. அப்போதுதான் முப்பது வருஷம் கழித்துத் திறந்தாலும் ஃபெர்னாண்டோ ஃபெர்னாண்டோவாகவே இருப்பார்.

"தாளே வேண்டாம்" என்பவர்களுக்கு...

"உலகம் பேப்பர்லெஸ் ஆகுது. 2015-லேயே டிஜிலாக்கர் வந்தாச்சு. நீ இன்னும் பிரிண்ட் பிரிண்ட்னு கத்துறியே?" என்று சிலர் கேட்பார்கள். டிஜிலாக்கர் நல்ல விஷயம். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு செல்போன் வேண்டும், சார்ஜ் வேண்டும், டவர் வேண்டும், ஓடிபி வர வேண்டும், அதைப் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளத்தின்போது எங்களுக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. செல்போன் தண்ணீரில் போனவர்களுக்கு ஓடிபி எங்கே வரும்? தாளை எடுத்துவிட வேண்டும் என்பவர்கள் முதலில் தாளைக் கேட்கும் ஜன்னல்களை எடுக்கட்டும். அதுவரைக்கும் நல்ல தாள் கொடுப்பதுதான் நியாயம்.

வேறு சிலர், "இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் பார்த்துக்குவான். டிப்ளமோ படிச்சவனுக்கு என்ன?" என்பார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெரிய கம்பெனியிலும் பிரிண்ட் பக்கத்தைச் செய்யச் சொல்லி யாரிடம் கொடுப்பார்கள்? புதிதாகச் சேர்ந்த ஜூனியரிடம்தான். அந்த ஜூனியர் நாளைக்கு நாம்தான். அந்தத் தாளை நீட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பது எப்படி இருக்கும் என்று கம்பெனி முதலாளியைவிட நமக்குத்தானே நன்றாகத் தெரியும்?

நாம் என்ன செய்யலாம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. ஸ்காலர்ஷிப்புக்கும் பஸ் பாஸுக்கும் நாம் அலைந்து வாங்கும் போனஃபைடு சான்றிதழை, வரும் ஆண்டின் ஒரு பிராஜெக்டாக எடுப்போம். தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே தாளில் வரணும். முதல்வர் அனுமதியோடு நம் கல்லூரியிலேயே பயன்படுத்தணும். முடிந்தது என்று சொல்வதற்கு முன் ஆறு சோதனை வைப்போம்.

ஒன்று, கறுப்பு வெள்ளை பிரிண்டரில் ஏ4 தாளில் எடுத்துப் பார்ப்பது. ஒரே பக்கத்தில் முடியணும். கையெழுத்து மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போகக்கூடாது. அது காசுக்கும் நஷ்டம், நம்பிக்கைக்கும் நஷ்டம்.

இரண்டு, அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பது. எண் அப்போதும் படிக்க முடியணும். க்யூஆர் கட்டத்தைச் சுற்றி நாலு சிறு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடணும் என்பது விதி. இடம் போதவில்லை என்று அதை நெருக்கிவிடக்கூடாது.

மூன்று, ஃபெர்னாண்டோ, கொற்கை, ஸ்ரீவைகுண்டம் என்று கஷ்டமான பேர்களாகப் போட்டுப் பார்ப்பது. ராமு, சோமு என்று டெஸ்ட் டேட்டா போட்டுத் தப்பிக்கக்கூடாது.

நான்கு, மிக நீளமான பேரும் மிக நீளமான முகவரியும் போட்டுப் பார்ப்பது. எந்த எழுத்தும் ஓரத்தில் வெட்டுப்படக்கூடாது.

ஐந்து, பிடிஎஃப்பிலிருந்து பேரை காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டுவது. அதே தமிழ் வரணும். குப்பை வந்தால் உள்ளே எழுத்து சரியில்லை என்று அர்த்தம்.

ஆறு, இது முக்கியம்: கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, "இது யாருக்கு, எதுக்கு, எப்பக் கொடுத்தது, எப்படிச் சரிபார்க்கிறது?" என்று கேட்பது. அவர் தாளைப் பார்த்து நாலுக்கும் பதில் சொன்னால் நாம் பாஸ். இல்லாவிட்டால் எத்தனை மார்க் வாங்கினாலும் ஃபெயில்!

இந்த ஆறுக்கும் காசு செலவில்லை. நாலைந்து தாளும் ஒரு சாயந்திரமும் போதும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் சேரலாம். அளவு பார்த்து வரைபடம் போடத் தெரிந்த உங்களுக்கு மில்லிமீட்டரின் அருமை எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நம் கையில் கிடைத்த ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டிருக்கிறார். நாளை நாம் செய்யப்போகும் இணையதளங்களிலிருந்து வெளியே வரும் தாளில் பேர் முழுசாக இருக்கட்டும், எண் முழுசாக இருக்கட்டும், தமிழ் தமிழாக இருக்கட்டும். முத்துக்குளித்துறைக்காரர்கள் காசு கொடுத்து அச்சேற்றிய மொழி இது. நாம் கொடுக்க வேண்டியது கொஞ்சம் அக்கறைதான்.

சிந்திப்போம்! செய்து காட்டுவோம்!

— புன்னக்காயல் மாணவன்,
மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு